அத்தாவுக்கு மட்டும் ஒரு செய்தி

கீரைக்காரப் பூவம்மாள் வாசலில் கூடையை இறக்கினார். வழக்கமாக "முளைக்கீரையா, அரைக்கீரையா?" என்றுதான் கேட்பார். அன்று வேறு ஒன்றைக் கேட்டார்.

"ஏம்மா ரிஃப்கா, கணக்குப் பரீட்சையில கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாக்காமலே பேப்பரைக் குடுத்துட்டு வந்துட்டியாமே?"

ரிஃப்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாருக்கா சொன்னா?"

"காத்துல வந்துச்சு" என்று சிரித்துக்கொண்டே கீரைக்கட்டை உதறினார் பூவம்மாள்.

காற்றில் வந்திருக்க முடியாது. பாபநாசத்தில் காற்று நெல் வாசனையைக் கொண்டுவரும்; சில நாள் கொசுவையும் கொண்டுவரும். ஆறாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைச் செய்தியைக் கொண்டுவராது.

அந்தச் செய்தியை ரிஃப்கா தன் குரலில் பதிவு செய்து வீட்டு குரூப்பில்தான் போட்டிருந்தாள். அந்த குரூப்பில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். அம்மா கமருன்னிஸா, அவர்களோடு இருந்துகொண்டு கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் மாமு அப்சர், குவைத்தில் வேலை பார்க்கும் அப்பா, அதாவது அத்தா மீரா உசேன். அம்மாவுக்குத் தமிழில் தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது. அதனால் அந்த வீட்டில் எல்லோருமே பேசித்தான் அனுப்புவார்கள். ரிஃப்காவுக்கென்று தனியாக போன் இல்லை, அம்மாவின் போன்தான்.

குரூப்பில் இல்லாமல் விஷயம் தெரிந்தவள் ஒருத்திதான். அவள் தோழி பூர்ணிமா.

"உங்கள்ல யாரோ வெளிய சொல்றீங்க" என்றாள் ரிஃப்கா, இரவுச் சாப்பாட்டின்போது.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் அம்மா.

"நான் பஸ்ல ஏறுனா தூங்கிடுவேன். யார்கிட்ட பேசப் போறேன்?" என்றார் மாமு. டவுன் பஸ்ஸில் நடத்துநர் தொடங்கி எல்லோரையும் நலம் விசாரிக்கிறவர் அவர். ரிஃப்கா அவரை உற்றுப் பார்த்தாள். அவர் அப்பளத்தை உற்றுப் பார்த்தார்.

மறுநாள் தையற்கடை சபிஹா அவளை வழிமறித்தார். "உங்க அம்மா மீன் குழம்புல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டாங்களாமே?"

அதுவும் குரூப்பில் போன செய்திதான்.

இதெல்லாம் சின்னச் செய்திகள். வெளியே போனால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். ஆனால் ரிஃப்காவிடம் ஒரு பெரிய செய்தி இருந்தது. அதை அவள் அறிவியல் புத்தகத்தின் அட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

அது ஒரு படம். அவள் தம்பி ஹஸ்ஸான் எல்.கே.ஜி. வகுப்பில் வரைந்தது. "உங்க அப்பாவை வரைங்க" என்று மிஸ் சொல்லியிருக்கிறார். மற்ற பிள்ளைகள் மீசை வரைந்தார்கள், லுங்கி வரைந்தார்கள். ஹஸ்ஸான் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இரண்டு கண், ஒரு வாய் வரைந்து, கீழே சிவப்பாக ஒரு வட்டம் போட்டிருந்தான்.

"இது என்னடா?" என்று ரிஃப்கா கேட்டாள்.

"அத்தா."

"இது போன் மாதிரி இருக்கே."

"ஆமா. அத்தாதான்" என்றான் ஹஸ்ஸான். "இந்தச் சிவப்பை அமுக்குனா அத்தா போயிடுவாங்க."

அத்தா கடைசியாக ஊருக்கு வந்து போனபோது ஹஸ்ஸானுக்கு நடக்கக்கூடத் தெரியாது. அதன்பிறகு அவன் அத்தாவைப் பார்த்ததெல்லாம் வீடியோ காலில்தான். விளையாட்டு அவசரம் வந்துவிட்டால் சிவப்பு வட்டத்தை ஒரு விரலால் அமுக்கிவிட்டு ஓடிவிடுவான்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினால் அழுதுவிடுவார். தெருவுக்குத் தெரிந்தால் பையன்கள் ஹஸ்ஸானை "போன் அத்தா, போன் அத்தா" என்று கூப்பிட்டே கொன்றுவிடுவார்கள். இது அத்தாவுக்கு மட்டும் போக வேண்டிய செய்தி. ஒருமுறை வந்து போகச் சொல்ல வேண்டும். ஆனால், எதை அனுப்பினாலும் கீரைக்கூடையோடு திரும்பி வருகிறதே.

பள்ளியில் கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் கேட்டாள். பெயர் எதையும் சொல்லாமல், பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மிஸ், ஒருத்தர் அனுப்புறது இன்னொருத்தருக்கு மட்டும்தான் போகணும்னா என்ன செய்யணும்?"

மிஸ் "தாழ்" என்ற ஆப்பைப் பற்றிச் சொன்னார். நீல வட்டத்துக்குள் ஒரு தாழ்ப்பாள் படம் இருக்கும். போனில் இருக்கும் பெயர்களை எல்லாம் கொடு என்று அது கேட்காது. பார்த்ததும் தானாக அழிந்துவிடும்படிகூடச் செய்தி அனுப்பலாம்.

"ஆனா ஒண்ணு. நீ மட்டும் அதுல இருந்து புண்ணியமில்லை" என்றார் மிஸ். "நீ யாரோட பேசணுமோ அவங்களும் அதுல இருக்கணும்."

அங்கேதான் சிக்கல் இருந்தது. ரிஃப்கா ஒவ்வொருவராகப் பிடித்தாள். முதலில் அம்மா.

"இன்னொன்னா? இருக்கிற போனே இடமில்லை இடமில்லைன்னு தினம் கத்துது."

ரிஃப்கா போனை வாங்கிப் பார்த்தாள். மாமு தினமும் காலையில் அனுப்பும் ரோஜாப்பூப் படங்கள் போன் முழுக்க நிரம்பிக் கிடந்தன. எல்லா ரோஜாவையும் அழித்தாள். போன் கத்துவதை நிறுத்தியது. அம்மா சம்மதித்துவிட்டார்.

மாமு அவ்வளவு எளிதில் மசியவில்லை.

"ஓசியில ஏன் தர்றான்? அதைச் சொல்லு முதல்ல."

"நன்கொடையில நடக்குதாம் மாமு. மிஸ் சொன்னாங்க."

"சரி, நாம என்ன தப்பா பண்றோம், மறைச்சு மறைச்சுப் பேச?"

ரிஃப்கா யோசித்தாள். "மாமு, நீங்க கடையில ஒருத்தருக்கு பில் போடும்போது, பக்கத்துல நிக்கிறவர் எட்டி எட்டிப் பாத்தா என்ன செய்வீங்க?"

"தள்ளி நில்லுங்கம்பேன்."

"நீங்க பில்லுல தப்பு பண்றீங்களா?"

"அதெல்லாம் கிடையாது."

"அப்புறம் ஏன் தள்ளி நிக்கச் சொல்றீங்க?"

மாமு தலையைச் சொறிந்தார். பிறகு போனை நீட்டினார். "போட்டுக் குடு. ரோஜாப்பூ அனுப்பலாம்ல அதுல?"

பூர்ணிமாவின் அம்மா, மகளுக்கு எதற்கு ரகசிய ஆப் என்று சந்தேகப்பட்டார். "நீங்களும் சேந்துக்கங்க, எல்லாத்தையும் பாருங்க" என்று பூர்ணிமா சொல்லிவிட்டாள். அவர் ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். வீட்டுப்பாடம் என்ன, நாளைக்கு என்ன டிபன் என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. "இதுக்கா தாழ்ப்பாள்?" என்று போய்விட்டார்.

அத்தாவிடம் ஒரே வரி போதுமாக இருந்தது. "அத்தா, நீங்க இதுல சேந்தாத்தான் ஒரு முக்கியமான விஷயம் சொல்லுவேன்." அன்றே சேர்ந்துவிட்டார்.

வீட்டு குரூப் மொத்தமும் தாழுக்கு மாறியது. ரிஃப்கா நிம்மதியாக மூச்சுவிட்டாள். உடனே படத்தை அனுப்பியிருப்பாள். ஆனாலும் சந்தேகம் முழுதாகப் போகவில்லை. சில நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்தாள்.

பொறுத்தது நல்லதாகப் போயிற்று.

அந்த வாரம் ஹஸ்ஸான் ஒரு பட்டாணியை மூக்குக்குள் போட்டுக்கொண்டான். அழக்கூட இல்லை. அம்மா மூக்குப்பொடியைத் தேடி ஓட, ரிஃப்கா கோழி இறகால் அவன் மூக்கைச் சீண்டினாள். அவன் தும்மினான், பட்டாணி சுவரில் போய் ஒட்டியது. அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அதைத் தாழில் பேசிப் போட்டார். ரிஃப்கா பூர்ணிமாவுக்கும் தாழில் அனுப்பினாள்.

மறுநாள் காலை பூவம்மாள் வந்தார். "இன்னிக்குக் கீரைதான் இருக்கு. பட்டாணி இல்லை" என்று சொல்லிவிட்டு ஹஸ்ஸானின் மூக்கைக் கிள்ளினார்.

ரிஃப்கா சுவரில் சாய்ந்து நின்றுவிட்டாள். தாழ்ப்பாள் போட்டும் வெளியே போயிருக்கிறது. அப்படியென்றால் ஆப் சொல்லவில்லை. ஆள்தான் சொல்கிறார்.

எந்த ஆள்?

அன்று மாலை அவள் ஒரு திட்டம் போட்டாள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக ஒரு பொய்ச் செய்தி. ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது; அம்மாவின் போனில் போவதையும் வருவதையும் உடனே அழித்துவிட வேண்டும். எது திரும்பி வருகிறதோ, அதைக் கேட்டவர்தான் வெளியே சொல்கிறவர்.

அம்மாவிடம் நேரில் சொன்னாள். "அம்மா, நான் ஒரு பூனை வளர்க்கப் போறேன்."

"வளத்துக்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுறேன்."

மாமுவுக்குத் தாழில் முயல் என்று அனுப்பினாள். "முயல் கடையில வந்து பாத்திரத்தை உருட்டுமா?" என்று பதில் வந்தது.

பூர்ணிமாவுக்கு வாத்து. "பேரு நான்தான் வைப்பேன்" என்றாள் அவள்.

அத்தாவுக்கு அனுப்ப வேண்டுமா என்று ரிஃப்கா தயங்கினாள். அத்தா கடல் தாண்டி இருக்கிறார். அவர் எப்படிப் பூவம்மாளிடம் சொல்ல முடியும்? ஆனாலும் ஒருவரை விட்டுவிட்டால் சோதனை சோதனையாக இருக்காது. போனை வாய்க்குக் கிட்டே வைத்துப் பேசினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா. நான் ஒரு குதிரை வளர்க்கலாம்னு இருக்கேன். பள்ளிக்கூடத்துக்கு அதுலயே போயிடுவேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அத்தாவிடமிருந்து பதில் வந்தது. "வாங்கிடலாம்மா. கட்டுறதுக்கு இடம் பாத்து வை" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரிப்புக்குப் பின்னால் இன்னும் சில சிரிப்புகள் கேட்டன. டிவியாக இருக்கும் என்று ரிஃப்கா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூவம்மாள் வரும் நேரத்துக்கு முன்பே அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பூனையா, முயலா, வாத்தா? பூனையாக இருந்தால் அம்மா. முயலாக இருந்தால் மாமு. வாத்தாக மட்டும் இருக்கக்கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

தெருமுனையில் பூவம்மாள் தெரிந்தார். தலையில் வழக்கமான கீரைக்கூடை. இடுப்பில் வழக்கமில்லாத ஒன்று. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, அது ஒரு கட்டுப் புல்.

"வரப்புல அறுத்தேன்" என்று அதை ரிஃப்காவின் காலடியில் போட்டார். "எங்க குதிரை? பின்னால கட்டியிருக்கா?"

ரிஃப்கா குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"பூவம்மாக்கா, குதிரையைப் பத்தி நான் எங்க அத்தாகிட்ட மட்டும்தான் சொன்னேன். குதிரையே கிடையாது. யாரு உங்களுக்குச் சொல்றாங்கன்னு கண்டுபிடிக்கத்தான் சொன்னேன்."

பூவம்மாள் புல்லைப் பார்த்தார், ரிஃப்காவைப் பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாட்டிக்கிட்டேனா? எங்க வீட்டுக்காரர்தான் சொல்றார். உங்க அத்தா ரூமுக்கு மாறிட்டாருல்ல, அதுலேர்ந்து."

பூவம்மாளின் கணவர் வைத்தியலிங்கம் குவைத்தில் இருப்பது ரிஃப்காவுக்குத் தெரியும். அத்தாவின் ரூமுக்கே வந்துவிட்டது அவளுக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியுமே" என்றார், சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா.

"ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கலையே."

பூவம்மாள் எல்லாவற்றையும் சொன்னார். அந்த ரூமில் ஒரு கட்டிலுக்கு மேல் ஒரு கட்டில். வேலை முடிந்து வந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அப்போது யாருக்கு வீட்டிலிருந்து குரல் வந்தாலும் ஸ்பீக்கரில் போடுவதுதான் அங்கே வழக்கம். கேட்டுச் சிரித்துவிட்டு, பிறகு அவரவர் வீட்டுக்கு போன் செய்யும்போது அதையே சொல்வார்கள். வைத்தியலிங்கம் பூவம்மாளிடம் சொல்வார். பூவம்மாள் கீரையோடு சேர்த்துத் தெருவுக்கே கொடுத்துவிடுவார்.

"தாழ்ப்பாள் போட்டுட்டு ஜன்னலைத் தொறந்து வச்ச கதையா இருக்கு" என்றார் அம்மா.

"அன்னிக்கே கேட்டேனே. ஏன் காத்துல வந்துச்சுன்னீங்க?" என்றாள் ரிஃப்கா.

"வீட்டுக்காரர்தான் சொல்லாதேன்னார். சொன்னா உங்க அத்தா ஸ்பீக்கரை நிறுத்திடுவாராம்." பூவம்மாள் குரலைத் தாழ்த்தினார். "எங்க மகன் பிரபு திருப்பூர்ல வேலையா இருக்கான். அவன் அப்பாவுக்கு ஒரு வார்த்தை பேசி அனுப்ப மாட்டான். அங்க சூர்யபிரகாஷ்னு ஒரு தம்பி இருக்கு, அதுக்கு வீட்ல யாருமே கிடையாது. உன் குரலைக் கேட்டாத்தான் சோறு இறங்குதாம் அவங்களுக்கு. நிறுத்தச் சொல்லிடாதம்மா. நான் வேணா இனிமே வாயைத் திறக்கலை."

அத்தாவிடம் "ஸ்பீக்கரில் போடாதீர்கள்" என்று சொல்லவேண்டும் என்றுதான் ரிஃப்கா நினைத்திருந்தாள். இப்போது அதைச் சொல்ல மனம் வரவில்லை. புல்கட்டிலிருந்து ஒரு புல்லை உருவிப் பல்லால் கடித்தபடி யோசித்தாள்.

"நிறுத்தச் சொல்லலைக்கா" என்றாள் கடைசியில். "ரூமுக்குன்னு தனியா ஒண்ணு பேசி அனுப்புறேன். வெள்ளிக்கிழமை அவங்களுக்கு லீவுதானே? அன்னிக்கு அனுப்புறேன். அதை நீங்க யார்கிட்ட வேணாலும் சொல்லிக்கங்க."

பூவம்மாள் எழுந்து, அன்றைக்கு ஒரு கட்டுக் கீரையைக் கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். போகும்போது புல்லையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டில் மாடு இருந்தது.

அவர் போனதும் ரிஃப்கா அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, போன் வேணும். அத்தாவுக்கு ஒண்ணு அனுப்பணும். அவங்களுக்கு மட்டும். என்னன்னு கேக்காம தருவீங்களா?"

அம்மாவின் கண்கள் சுருங்கின. "மார்க் கொறஞ்சிருச்சா?"

"இல்லை."

"எதையாவது உடைச்சியா?"

"இல்லைம்மா."

அம்மா அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு போனை அவள் கையில் வைத்துவிட்டு, "அரிசி ஊறப்போடணும்" என்று சொல்லி உள்ளே போனார். அன்றைக்கு அரிசி ஏற்கெனவே ஊறிக்கொண்டுதான் இருந்தது.

ரிஃப்கா தாழைத் திறந்தாள். இந்தமுறை பேசவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

'அத்தா, இதை ரூமுக்கு வெளியே போய் தனியாகப் பாருங்கள். ஹஸ்ஸான் உங்களை வரைந்திருக்கிறான். உங்களை போன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்குத் தெரியாது. ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்.'

படத்தைப் போட்டோ எடுத்து, இரண்டையுமே பார்த்ததும் அழிந்துவிடும்படி வைத்து அனுப்பினாள்.

'பார்க்கப்பட்டது' என்று வந்தது. எழுத்தும் படமும் மறைந்தன. அத்தாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

வெளியே போய்த்தான் பார்த்தாரா? எல்லோருக்கும் காட்டிவிட்டாரா? சிரித்திருப்பார்களா? ரிஃப்கா ஹஸ்ஸானுக்குச் சோறு ஊட்டினாள். அவன் மீன் முள்ளைத் துப்புவதைப் பார்த்துக்கொண்டே போனையும் பார்த்தாள். அவன் தூங்கிய பிறகுதான் பதில் வந்தது. எழுத்தில் வந்தது.

'மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.'

மறுநாள் பூவம்மாள் வந்தபோது ரிஃப்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருவம் உயர்கிறதா, உதடு சிரிக்கிறதா?

"முளைக்கீரையா, அரைக்கீரையா?" என்றார் பூவம்மாள். "ஏன் அப்படிப் பாக்கிற? மூக்குல எதுவும் ஒட்டியிருக்கா?"

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

பள்ளியில் பூர்ணிமா, "வாத்து எப்ப வருது?" என்று கேட்டாள். ரிஃப்கா சோதனையைப் பற்றிச் சொன்னாள்.

"அப்போ என்னையும் சந்தேகப்பட்டியா?"

"எல்லாரையும்தான்."

"என்னையுமா?"

ரிஃப்கா தன் டிபனை அவள் பக்கம் நகர்த்தினாள். பூர்ணிமா அன்றைய டிபனை எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். பாதியில் தலையை மட்டும் திருப்பினாள். "வாத்துக்கு செவந்தின்னு பேரு வச்சிருந்தேன். ஒரு வாத்து வரைஞ்சாவது குடு. அப்பத்தான் பேசுவேன்." ரிஃப்கா சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் வரைந்து கொடுத்தாள். அது கோழி மாதிரி இருந்தது. ஆனாலும் பூர்ணிமா பேசிவிட்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் ரூமுக்குக் குரல் போனது. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது, யார் வயலில் நடவு முடிந்தது, மாமு பஸ்ஸில் யாருடைய குடையை மாற்றி எடுத்து வந்தார் என்று எல்லாம் சொன்னாள். பதிலுக்கு ரூமிலிருந்து பல குரல்கள் ஒன்றாக வந்தன. அவற்றில் சூர்யபிரகாஷின் குரல், "குதிரைக்குக் காய்ச்சலா? சத்தத்தையே காணோம்" என்று ஒவ்வொரு வாரமும் கேட்டது.

பெரிய செய்தியைப் பற்றி அத்தா மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ என்றுகூட ரிஃப்கா சந்தேகப்பட்டாள்.

காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் காலை. அம்மா வாசலில் கீரை பேரம் பேசிக்கொண்டிருந்தார். பூவம்மாள் விட்டுக்கொடுக்காமல் நின்றார். அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. கயிறு போட்டுக் கட்டிய பெரிய பெட்டி ஒன்று முதலில் இறங்கியது. அதற்குப் பின்னால் அத்தா இறங்கினார்.

அம்மாவின் கையிலிருந்த கீரை கூடைக்குள்ளேயே விழுந்தது.

"சொல்லாம கொள்ளாம..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை.

எல்லோரையும்விடத் திகைத்து நின்றவர் பூவம்மாள்தான். "இது எனக்குத் தெரியவே தெரியாதே. எங்க வீட்டுக்காரர்கூடச் சொல்லலையே."

"அவருக்கும் கடைசி வரைக்கும் தெரியாது" என்றார் அத்தா. "கெளம்புற அன்னிக்குத்தான் ரூம்ல சொன்னேன். ஊருக்கு வாயைத் திறக்கக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் வண்டி ஏறினேன்." பிறகு ரிஃப்காவின் தலையில் கையை வைத்தார். அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

ஹஸ்ஸான் கதவுக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தா அவன் உயரத்துக்குக் குனிந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கூப்பிடவில்லை. காத்திருந்தார்.

ஹஸ்ஸான் மெதுவாக வெளியே வந்தான். அத்தாவின் முகத்தை இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பின்தலையில் என்ன இருக்கிறது என்றும் எட்டிப் பார்த்தான். பிறகு ஒரு விரலை நீட்டி, அத்தாவின் முகவாயில், சரியாகச் சிவப்பு வட்டம் இருக்க வேண்டிய இடத்தில், அழுத்தி அமுக்கினான்.

அத்தா அசையவில்லை.

இன்னொரு முறை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஹஸ்ஸான் திரும்பினான்.

"அக்கா, கட் ஆகலை."